தண்ணீர் ஏறிய உயரம்

2015 டிசம்பர் 3ஆம் தேதி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் ஒரு படத்தை வெளியிட்டது. விமானத்தின் சன்னலோரம் அமர்ந்து, வெள்ளம் சூழ்ந்த சென்னையைப் பிரதமர் பார்க்கிறார். சன்னலுக்கு வெளியே வீடுகளும் தண்ணீரும் எதிர்த்தெரு மாடியிலிருந்து பார்ப்பதுபோல அத்தனை துல்லியம். வானத்திலிருந்து அப்படித் தெரியாது என்று அன்றே பலர் சொல்லிவிட்டார்கள். இரண்டு படங்களை ஒட்டிச் செய்த வேலை அது. அலுவலகம் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. அந்த நாட்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு புரளியும் சுற்றியது. பண்ணை நிர்வாகம் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் பொய்ப் படத்துக்குத் தேவையே இருக்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் நவம்பர் மாதம் மட்டும் 1,049 மி.மீ. மழை பதிவாகியிருந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. பூந்தமல்லிக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த ஏரியின் பெயர், அதுவரை அதைக் கேள்விப்படாத ஊர்களிலும் பேசப்பட்டது. கையில் கைபேசி இருந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

அந்தப் படங்கள் எதற்குச் சாட்சி என்பதுதான் சிக்கல்.

வெள்ளப் படத்தின் கீழே 'காலநிலை மாற்றத்தின் கோரமுகம்' என்று எழுதுவது பத்திரிகைகளுக்குக் கைவந்த பழக்கம். ஆனால் சென்னையின் 2015 மழையை ஆராய்ந்த வான் ஓல்டன்போர்க் உள்ளிட்ட பன்னாட்டு அறிவியலாளர் குழு, மறு ஆண்டு வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. மனிதர் உண்டாக்கிய புவி வெப்பமாதல் அந்தக் குறிப்பிட்ட மழையின் வாய்ப்பைக் கூட்டியது என்பதற்குத் தெளிவான தடயம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி எதிர்பார்த்த அளவு சூடாகவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலை மறைத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. இனிமேல் வரப்போகும் மழை பற்றிய ஆறுதலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரப்பதம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது அடிப்படை இயற்பியல். ஆனாலும் ஒரு மழையை, ஒரு வெள்ளத்தைக் காட்டி 'இதுதான் அது' என்று சொல்லும் உரிமை கேமராவுக்கு இல்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, அதே வெள்ளத்தை மனிதத் தவறால் விளைந்த பேரிடர் என்றது. வானமும் காரணம், மதகும் காரணம், ஆக்கிரமிப்பும் காரணம் என்றால், ஒரே ஒரு படம் இதில் எதைக் காட்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தக் கேள்வி கூடுதலாகக் கனக்கிறது. இது கடலோரம் இல்லை. கடலரிப்பு, கடல்மட்ட உயர்வு என்று காலநிலைப் படங்களுக்குப் பழகிப்போன காட்சிகள் எதுவும் இங்கே கிடைக்காது. இருப்பவை ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த நீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பருத்திப்பட்டுப் பக்கம் கூவம் ஓடுகிறது. இந்த நீர்வழிகளின் மேல்தான் 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, பிறகு வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. தண்ணீர் தேங்கியிருக்கும் அந்தத் தெருவைப் படமெடுத்தால் அதில் மழையும் விழும், அரை நூற்றாண்டு நகரத் திட்டமிடலும் விழும். எது எவ்வளவு என்று படம் பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்லப் பழைய வழி ஒன்று உண்டு. 1880களின் இறுதியில் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைக் குறித்துவைத்த புள்ளிகளில் நின்று படமெடுத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் பனி எவ்வளவு பின்வாங்கியது என்பதை அளக்க முடியும். 2007இல் ஜேம்ஸ் பேலாக் தொடங்கிய பனிக் கண்காணிப்புத் திட்டம் இதையே தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு செய்தது. படத்தின் வலிமை அழகில் இல்லாமல், திரும்ப எடுப்பதில் இருக்கிறது என்பதுதான் இந்த முறையின் சாரம்.

ஏரிக்கு இதைப் பொருத்தும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2019 கோடையில் உலகம் முழுவதும் பரவிய செயற்கைக்கோள் படங்கள் நினைவிருக்கலாம். மாக்ஸார் நிறுவனத்தின் அந்தப் படங்களில் ஒன்று 2018 ஜூன் 15 அன்று எடுத்தது. புழல் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. மற்றொன்று 2019 ஏப்ரல் 6, வெறும் தரை. அதிர்ச்சி உண்மையானது, வறட்சியும் உண்மையானது. ஆனால் ஏரி என்பது பனியாறு இல்லையே. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, பாசனத்துக்குத் திறந்து, சித்திரை வைகாசியில் வற்றுவதுதான் அதன் பிறவிக்குணம். வற்றிய ஏரியில் மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள், வண்டல் அள்ளி வயலுக்குப் போட்டார்கள். வெடித்த ஏரி மண்ணை மட்டும் காட்டிப் பேரழிவு என்பது, ஏரியோடு வாழ்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பைத்தான் வரவழைக்கும். அந்த ஆண்டின் மாற்றம் வேறு இடத்தில் இருந்தது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்குமே ஒன்றாக வறண்டன. குடிநீருக்காக அவற்றைப் பெரிதும் நம்பியிருந்த நகரம் கையைப் பிசைந்து நின்றது. ஒரு நல்ல ஆண்டுக்கும் ஒரு மோசமான ஆண்டுக்கும் இடையே தேதி பொறுக்கினால் எந்தக் கதையையும் சொல்லலாம். ஒவ்வொரு ஆண்டும் அதே தேதியில் எடுத்த இருபது படங்கள் இருந்தால்தான் கதை அடங்கி உண்மை பேசும்.

அந்தக் கோடையில் எடுக்கப்பட்ட தரைமட்டப் படங்களைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும்: எங்கு பார்த்தாலும் குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், அவற்றின் பின்னால் பெண்கள். வற்றிய கிணற்றைச் சுற்றிப் பெண்கள் நிற்கும் படமொன்றை ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ பகிர, சென்னையின் தாகம் இன்ஸ்டாகிராம் வரை போனது. நிறம் இழுக்கிறது, அதனால் புகைப்படக்காரர் எடுக்கிறார். கேமரா திரும்பாத பக்கம் எது? திருவள்ளூர் மாவட்டத்துப் பாசனக் கிணறுகளிலிருந்து நாள் முழுக்க லாரிகளில் ஏறி நகரத்துக்குப் போன தண்ணீர். தண்ணீர் விற்ற வயலில் அந்தப் பருவம் பயிர் ஏறியதா? பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடி இறங்கியது? மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த நீரைக் குழாய் வழியே செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்களே, அந்தக் குவாரிகளாவது ஓரளவு படத்தில் விழுந்தன.

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில், அம்பத்தூருக்கு அருகிலுள்ள வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். அமைச்சர்களும் கேமராக்களும் காத்திருந்தார்கள். படங்கள் அருமையாக வந்தன. அப்போது நகருக்கு நாளொன்றுக்கு வழங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 52.5 கோடி லிட்டரோடு ஒப்பிட்டால், அந்த ரயில் கொண்டுவந்தது அரை சதவீதத்துக்கும் குறைவு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதும் கணக்கில் பெரிதாக இருப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்த ஆண்டில் கிடைக்கவில்லை.

துயரத்தைப் படமெடுப்பதில் சென்னைக்கு ஒரு பழைய கறையும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சம், பசிபிக் பெருங்கடலில் எழுந்த வலுவான எல் நினோவோடு சேர்ந்து வந்தது. பருவமழை பொய்த்தது, ஆட்சி கைவிட்டது, லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் இன்றும் அந்தப் பஞ்சத்தின் முகமாக இருக்கின்றன. அவர்களைப் படத்துக்காக அமர்த்திவிட்டு, சோறு போடாமலே திருப்பி அனுப்பினார் என்று அக்காலத்திலேயே அவர்மேல் கண்டனம் எழுந்தது. இதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில், கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் கணத்தைப் படத்தில் பிடிக்க முயன்றதற்காக விசாரணைக்கும் ஆளானார். காலநிலை ஏற்படுத்திய பேரிடர் ஒன்று தமிழ் மண்ணில் கேமராவில் பதிவானதன் தொடக்கக் கண்ணிகளில் ஒன்று இது என்பது சங்கடமான செய்திதான். படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. எடுத்தவரின் பெயர் மட்டும் அருங்காட்சியக அட்டவணைகளில் இருக்கிறது.

கேமராவை யார் பிடிக்கிறார்கள் என்பது அதனால் வெறும் நாகரிகக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. எது படமாகும் என்பதையே அது தீர்மானிக்கிறது. 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்தார்கள். தம் வாழ்க்கையில் எது முக்கியம் என்பதை அந்தப் பெண்கள் எடுத்து, கூடிப் பேசி, அதிகாரிகளின் முன் வைத்தார்கள். 'ஃபோட்டோவாய்ஸ்' என்று பின்னர் உலகம் முழுவதும் பரவிய முறை இது. தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் இருப்பது மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமாரின் வேலை. மீன் விற்று வளர்த்த தாயின் மகன், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், பி. சாய்நாத் நிறுவிய 'பாரி' இணைய ஆவணக்காப்பகத்தின் புகைப்படக்காரர். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவர். ராமநாதபுரம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி 2019இல் அவர் வெளியிட்ட படக்கட்டுரையில் பெண்கள் தண்ணீருக்கடியில் மூழ்கி வேலை செய்கிறார்கள்; அவர்களோடு கேமராவும் மூழ்குகிறது. பாசி குறைவதையும் கடல் மாறுவதையும் அந்தப் பெண்களே சொல்கிறார்கள். வடசென்னையில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்ததைக் கண்காட்சியாக வைப்பதும் அவருடைய பணியின் ஒரு பகுதி. அதே வடசென்னையிலுள்ள எண்ணூர் அதிகம் படமெடுக்கப்பட்ட ஊராக இருப்பதற்கு, ஊர்க்காரர்களின் நீண்ட போராட்டத்தோடு இத்தகைய கண்களும் காரணம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அடங்கிய மேற்குப் புறநகருக்கு அப்படியொரு கண் இன்னும் அமையவில்லை. செய்தியாளர்கள் வருகிறார்கள், தண்ணீர் வடிந்ததும் போய்விடுகிறார்கள். அதற்காகப் படங்களே இல்லை என்று சொல்ல முடியாது. யாரும் தேடாத இடத்தில் கிடக்கின்றன. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஆவடியில் 28 செ.மீ. மழை பதிவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து சிறு பட்டறைகள் முடங்கின. கடைசல் எந்திரம், மோட்டார், மூலப்பொருள் எல்லாம் தண்ணீரில் நிற்கும்போது பட்டறைக்காரர் முதலில் செய்வது படம் எடுப்பதுதான். கலைக்காக எடுப்பதில்லை, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் கேட்பார். எந்த எந்திரம், எந்த உயரம் வரை, எந்த நாள் என்று அவர் கேட்கும் கேள்விகள் ஓர் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகளேதான். இந்த வட்டாரத்தின் மிக ஒழுங்கான வெள்ள ஆவணம் காப்பீட்டுக் கோப்புகளில்தான் தூங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. காப்பீடு இல்லாதவரின் வெள்ளம் அங்கும் பதிவாவதில்லை. புயலுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாய் குடும்ப அட்டையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. அதற்குப் படம் தேவைப்படவில்லை. வாடகைக்கு இருந்த, உள்ளூர் அட்டை இல்லாத தொழிலாளி ஆவணத்துக்குள் வருவது எளிதாக இல்லை.

வெள்ளப் படங்களில் படகு வரும், மீட்புப் படை வரும், இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் சுமப்பவர் வருவார். இவை தேவைதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு எடுக்க வேண்டியவை யாருக்கும் நினைவில் வருவதில்லை. சுவரில் நிற்கும் கறைக்கோடு அவற்றில் முதன்மையானது. 2015இல் எந்த உயரம், 2021இல் எந்த உயரம், 2023இல் எந்த உயரம் என்பதை வீட்டுக்காரர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தால் கோடு போய்விடும். ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி தூக்குகிறார்கள். தூக்க வசதியில்லாதவர்கள் வாசலில் இரண்டு வரி செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டுகிறார்கள். சுவிட்சுப் பலகை நெஞ்சளவு உயரத்துக்கு ஏறுகிறது, சம்ப்பின் வாய் உயர்கிறது, பீரோவின் கீழே கல் வந்து சேர்கிறது. ஒரு தெருவில் பத்து வாசற்படிகளை வரிசையாகப் படமெடுத்தால், யாரால் எத்தனை அடி உயர முடிந்தது என்ற கணக்கு வந்துவிடும். சாலையைச் சுரண்டாமல் மேல்மேலே தார் போட்டதால் தாழ்ந்துபோன வீடுகளும் அதே வரிசையில் இருக்கும். வானம் செய்தது எது, ஒப்பந்ததாரர் செய்தது எது என்பதைப் பிரித்தறிய அந்த வரிசை ஒரு தொடக்கம்.

வெயில் இன்னும் கடினம். வெயிலுக்கு உருவம் இல்லை. மே மாதம் பத்திரிகைகள் கானல் நெளியும் சாலையையும் துப்பட்டாவால் முகம் மூடிய ஸ்கூட்டர் பெண்களையும் அச்சிடும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் தகரக் கூரைப் பட்டறைக்குள் மதியம் மூன்று மணிக்கு நிற்பவரின் உடலில் நடப்பதை எந்தக் கேமராவும் நேராகக் காட்டாது. வெயிலைத் தணிக்க மனிதர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைத்தான் காட்ட முடியும். கூரைமேல் விரித்த ஈரச் சாக்கு, மொட்டை மாடியில் விரித்த பாய், கடைசல் எந்திரத்தின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் தண்ணீர்ப் பாட்டில்கள், கூவக் கரையிலிருந்து எடுத்து அத்திப்பட்டிலும் குத்தம்பாக்கம் பக்கத்துக் கூடப்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குமாடிகளில் நிழலுள்ள படிக்கட்டு. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதற்கென்று இடம் மாற்றப்பட்ட மக்கள் வெயிலுக்குள் குடிவைக்கப்பட்டார்களா என்ற கேள்விக்கு, அந்தப் படிக்கட்டைக் கோடை முழுக்க நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் பதிலுக்கு அருகில் கொண்டுபோகும்.

படமே பலியாவதும் உண்டு. கிடியன் மெண்டல் என்ற தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் 2007 முதல் உலகெங்கும் வெள்ளத்தில் நிற்கும் மனிதர்களை அவரவர் வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்துவருகிறார். அந்தத் தொடர் இங்கிலாந்திலும் பீகாரிலும் தொடங்கியது. வெள்ள வீடுகளில் ஊறிக் கரைந்த குடும்பப் படங்களையும் அவர் சேகரித்துத் தனித் தொடராக வைத்திருக்கிறார். முகம் கரைந்து வண்ணம் மட்டும் மிஞ்சிய கல்யாண ஆல்பத்தைச் சென்னையின் எத்தனையோ வீடுகள் 2015இல் குப்பையில் போட்டன. ஒரு வட்டாரம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஆல்பங்கள்தான் பல சமயம் ஒரே சான்று. மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் வயல், பிறந்தநாள் படத்தின் மூலையில் தெரியும் ஏரிக்கரை.

இப்போது எடுக்கப்படும் படங்களின் ஆயுளும் பெரிதாக இல்லை. கைபேசி ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், அனுமதித்தால் இடம் ஆகியவற்றைச் சேர்த்தே சேமிக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன, படமும் சுருங்குகிறது. நூறு குழுக்களில் சுற்றிய படத்துக்குச் சாட்சி மதிப்பு ஏறக்குறைய இல்லை. இதைத் தாண்டிய முயற்சி ஒன்று 2015 வெள்ளத்தின்போதே நடந்தது: அருண் கணேஷ் முதலிய தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் உருவாக்க, தங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதை மக்களே அதில் குறித்தார்கள். அதில் இடத்துக்கு இருந்த மரியாதை படங்களுக்கும் கிடைத்தால் பாதி வேலை முடியும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருப்பது, மின்கம்பம் அல்லது மதகு போல நகராத ஒன்றைச் சட்டகத்துக்குள் வைப்பது, ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில் நிற்பது, படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுப்பது — இவற்றுக்கு விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை.

எடுத்ததைச் சேர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை; இந்த வட்டாரத்தின் பொறுப்பு பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லி நகராட்சி, அதுவும் திருவள்ளூர். செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தில் வருகிறது. ஏரியின் மதகு பொதுப்பணித் துறை மரபில் வந்த நீர்வளத் துறையிடம், குடிநீர் குடிநீர் வாரியத்திடம், தெருவின் மழைநீர் வடிகால் உள்ளாட்சியிடம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனபோதும், யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த அலுவலகங்களுக்கிடையேதான் சுற்றியது. அம்பத்தூரில் வழிந்த தண்ணீர் கொரட்டூரில் ஒரு வீட்டுச் சுவரில் போட்ட கோட்டை யாராவது படமெடுத்து மனுவோடு இணைத்தால், இன்றைக்கு அது ஏதாவது ஓர் அலுவலகத்தின் கோப்பில் பின் குத்தப்பட்டு, மனு முடித்துவைக்கப்பட்ட நாளோடு அலமாரிக்குப் போகிறது. அடுத்த வெள்ளத்தில் அதே சுவரைப் படமெடுத்து வரும் மனு வேறோர் அலுவலகத்தில் புதிய எண்ணோடு தொடங்குகிறது.